அந்த ஒரு வருஷம் எங்கே போச்சு?

வாத்தியாருடைய பதிவு என்றால் நீளமாகத்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். குறிப்பாக, பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். அவன் மகள் வரும் மார்ச்சில் பிளஸ் டூ முடிக்கிறாள். நான்கு வயது முடிந்ததும் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அதனால் மற்ற பிள்ளைகளைவிட ஒரு வருடம் முந்தி முடிக்கிறாள். இத்தனை நாளும் வீட்டில் அது பெருமையாக இருந்தது. இப்போது அதுவே சிக்கலாகிவிட்டது. மருத்துவம் சேர, சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். அன்றைக்கு இவளுக்கு 16 வயது 8 மாதம்தான் ஆகியிருக்கும்.

"மாமா, நீங்க எத்தனை பேருக்கு அப்ளிகேஷன் போட்டுக் குடுத்திருக்கீங்க. பொறந்த தேதியை எப்படியாச்சும் மாத்த முடியுங்களா?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. ஏனென்றால், ஒரு காலத்தில் இந்த ஊரில் பிறந்த தேதியை மாற்றி எழுதியதே எங்கள் ஆட்கள்தான்.

என் கதையையே சொல்கிறேன். நான் பிறந்தது 1953-ஆம் ஆண்டு ஆடிப்பெருக்கு அன்று. அம்மா சாகும்வரை அதைத்தான் சொன்னார். என் சான்றிதழில் இருப்பது 1953 ஜூன் 1. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் போட்ட தேதி அது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. எனக்குத் தொட்டது. பிறப்புச் சான்றிதழ் கேட்கிற வழக்கம் அப்போது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கிடையாது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-இல்தான். என் வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள். அந்தத் தேதியால் நான் இரண்டு மாதம் முந்திப் பள்ளிக்குப் போனேன். அதே தேதியால் 2011 மே 31-இல், இரண்டு மாதம் முந்தி ஓய்வும் பெற்றேன். கணக்கு நேராகிவிட்டது.

அன்றைக்குத் தலைமையாசிரியர் பேனா வைத்தால் வயது. இன்றைக்கு ஆதார், பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 2023 அக்டோபர் முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். "தேதியை மாத்தற நெனப்பை விட்டுரு. அது தப்பு மட்டுமில்லை, பொண்ணு வாழ்நாள் பூரா கோர்ட்டு வாசல்ல நிக்கற வேலை" என்று சொன்னேன். ஆனால், முந்தி முடித்த பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்குச் சரித்திர வாத்தியாராகத்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-இல். அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மெட்ரிகுலேஷன் தேறினால் கல்லூரி வாசல் திறந்துவிடும். எஃப்.ஏ. இரண்டு ஆண்டு, பி.ஏ. இரண்டு ஆண்டு. வீட்டில் படிப்பு இருந்த பிள்ளைகள் சிறு வயதிலேயே உள்ளே போனார்கள். நம் பழைய சேலம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ராஜாஜி ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878 டிசம்பரில் பிறந்தவர். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்றது 1894-இல். அப்போது அவருக்குப் பதினாறை ஒட்டிய வயது. இன்றைக்கு அந்த வயதில் பிள்ளைகள் பிளஸ் ஒன் படிக்கிறார்கள். சென்னையில் சட்டம் முடித்தது 1897. சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கியது 1900.

அவரையும் மிஞ்சியவர் சி.வி. ராமன். 1888 நவம்பரில் திருச்சியில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேறியது 11 வயதில். எஃப்.ஏ. முடித்தது 13 வயதில். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ. முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். வகுப்பில் பேராசிரியர் இவரைப் பார்த்து, நீ இந்த வகுப்புதானா என்று கேட்டதாகச் சொல்வார்கள். நான் முப்பது வருடம் இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் அந்தக் கதையில் ஒரு பகுதியை நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அது தெரியாமல் விட்டதில்லை, முக்கியம் என்று தோன்றாமல் விட்டது. ராமன் எஃப்.ஏ. படித்த விசாகப்பட்டினம் கல்லூரியில் அவருடைய அப்பாவே ஆசிரியர். 11 வயதுப் பையன் கல்லூரிக்குப் போனான் என்பது உண்மை. அப்பா வேலை பார்க்கிற கல்லூரிக்குப் போய்விட்டு, சாயங்காலம் அம்மா கையால் சாப்பிட்டான் என்பதும் உண்மை.

அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் பிறந்தார். 12 வயது வரை வீட்டிலேயே படித்தார். பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. 1925-இல், 15 வயது நிரம்புவதற்கு முன்பே, மாநிலக் கல்லூரி. குடும்பம் சென்னையில் இருந்தது. அப்பாவுக்கு மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று ஆசை. மகனுக்கு இயற்பியல். அம்மா மகன் பக்கம் நின்றார். 1930-இல் அரசு உதவித்தொகை கிடைத்து கேம்பிரிட்ஜ் போகும் நேரத்தில் அந்த அம்மா படுத்த படுக்கை. போக வேண்டாம் என்றவர்கள் உண்டு. போ என்று சொன்னது அந்த அம்மாதான். கப்பலில் போகும்போதே 19 வயதுப் பையன் நட்சத்திரங்களைப் பற்றிப் போட்ட கணக்குக்குத்தான் 1983-இல் நோபல் பரிசு வரை வழி திறந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை, 1931-இலேயே காலமாகிவிட்டார்.

இவர்கள் முந்தி முடித்ததால் பெரிய ஆள் ஆனார்களா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொருவரைப் பாருங்கள். ராமானுஜன் மெட்ரிகுலேஷன் தேறியபோது அவருக்கு வயது 16. வயதில் அவசரம் ஒன்றும் இல்லை. 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர மற்ற பாடங்களில் தவறி, உதவித்தொகை போயிற்று. யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் உள்ளே என்ற ஒரே ஒரு வாசல்தான் அவருக்கு இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்து வேறு ஒரு வாசலைத் திறந்தது 1913-இல்தான். ராமனுக்கும் ஒரு வாசல் அடைத்தது. உடல்நிலை தாங்காது என்று டாக்டர் சொன்னதால் இங்கிலாந்து போக முடியவில்லை. ஆனால் நிதித்துறைத் தேர்வு என்ற இன்னொரு வாசல் அவருக்குத் திறந்திருந்தது. 1907-இல் அதை எழுதி, 18 வயதில் கல்கத்தாவில் அதிகாரியாகச் சேர்ந்தார். சாயங்காலங்களில் ஆராய்ச்சி செய்தார்.

நம் ஊர்ப் பேரைத் தாங்கிய ஒருவரையும் சொல்ல வேண்டும். ஆர்.கே. நாராயண் என்பதில் அந்த 'ஆர்' ராசிபுரம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவர் அப்பா மைசூரில் தலைமையாசிரியர். தலைமையாசிரியர் மகன் கல்லூரி நுழைவுத் தேர்வில் தவறிவிட்டார்! ஒரு வருடம் வீட்டில் இருந்தார். கையில் கிடைத்ததை எல்லாம் படித்தார், எழுதிப் பார்த்தார். பி.ஏ. முடித்தது 1930-இல், 23 வயதில். ராமன் அந்த வயதில் உத்தியோகத்துக்குப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஐந்தே வருடத்தில், 1935-இல், நாராயணின் முதல் நாவல் வெளிவந்தது. தவறிய அந்த வருடம் அவருக்கு வீணாகப் போனதா? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெட்ரிகுலேஷன் போய் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. எங்கள் காலத்தில் அது 11 ஆண்டு. அதன் மேல் ஒரு வருடம் பி.யு.சி. நான் 1969-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, சேலத்துக்கு பஸ்ஸில் போய்ப் பி.யு.சி. படித்தேன். 16 வயதில் கல்லூரி மாணவன். அந்த ஒரு வருடம் பாதி பள்ளி, பாதி கல்லூரி மாதிரி. தடுக்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்கிற வருடம். 1978-இல் பிளஸ் டூ வந்து அந்த வருடத்தைப் பள்ளிக்குள்ளேயே கொண்டு வந்துவிட்டது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது.

கீழ் வகுப்பில் டபுள் புரமோஷன் என்ற வழக்கமும் இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளையை இரண்டாம் வகுப்பிலிருந்து நேராக நான்காம் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். ஊரே மெச்சும். அந்தப் பிள்ளை எந்த வாசலில் எந்த வயதில் போய் நிற்கும் என்று யாரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1998. எங்கள் பள்ளியில் எனக்கு விண்ணப்ப வாத்தியார் என்று பேர். நான் சரித்திரம் நடத்தினாலும், எந்தப் பாடப் பிரிவுப் பையனாக இருந்தாலும் கல்லூரி விண்ணப்பம் என்றால் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவான். டிமாண்ட் டிராஃப்ட் எடுப்பது, சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறை வைப்பது, சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், கெஜட்டட் அதிகாரியிடம் அட்டெஸ்டேஷன் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. நுழைவுத் தேர்வு இருந்த காலம். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300 என்று கட் ஆஃப் கணக்குப் போடுவோம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளர முறை தொடங்கியிருந்தது.

அந்த வருடம் ஒரு பையன். அப்பா ஜவ்வரிசி ஆலையில் கூலி வேலை. டபுள் புரமோஷனில் வந்தவன், பிளஸ் டூ முடிக்கும்போது 16 ஆகவில்லை. நல்ல மார்க். அவன் அப்பா என்னிடம் வந்து, "வாத்தியாரே, பையன் இன்னும் சின்னவனா இருக்கறான். ஒரு வருஷம் வூட்டுல வெச்சிருந்து, இங்கயே எங்கயாச்சும் சேத்தலாமுங்களா?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "ஆண்டவன் உங்களுக்கு ஒரு வருஷத்தை மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கான். அதைப் போயி வீணாக்கலாமா?"

தூரத்து ஊர் ஒன்றில் பொறியியல் இடம் கிடைத்தது. நானே கூடப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். ஹாஸ்டல் அறையில் தகரப் பெட்டி மேல் அவன் உட்கார்ந்திருந்தபோது கால் தரையில் சரியாகப் பாவவில்லை. அதைப் பார்த்தேன். பார்த்தும் பஸ் ஏறிவிட்டேன்.

பொங்கலுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ராகிங் தடைச் சட்டம் 1997-இலேயே வந்துவிட்டதால் சீனியர்களும் அடங்கித்தான் இருந்தார்கள். இவன் எல்லாருக்கும் தம்பி. சினிமாவுக்குக் கூட்டிப் போகமாட்டார்கள், சண்டைக்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் பாடம் புரியவில்லை என்று யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. முதல் பருவத்தில் நான்கு பேப்பர் போயிற்று. பள்ளியில் ஒரு பாடத்திலும் தவறாத பையன்.

நான் ஒரு வாரம் அவர்கள் தெரு வழியாகப் போகவில்லை. ஒருநாள் மாரியம்மன் கோயில் பக்கம் அவன் அப்பா எதிரே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. கையில் இருந்த துண்டை மடித்துக்கொண்டே கேட்டார். "ஒரு வருஷம் மிச்சம்னு சொன்னீங்களே வாத்தியாரே, அது எங்கே போச்சுங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஜூனில் அவன் நம் ஊர் அரசு கலைக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தான். சைக்கிளில் போய் வந்தான். இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறான். பேர் சொல்ல மாட்டேன். இதை அவன் படிப்பான். தம்பி, அப்பாவிடம் அன்றைக்குக் கேட்காமல் விட்ட மன்னிப்பை இங்கே எழுதுகிறேன்.

2006-இல் நுழைவுத் தேர்வை நீக்கச் சட்டம் வந்தது. அதன் பிறகு பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம் என்றானது. நம் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் பேர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது அந்தக் காலத்தில்தான். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பல இடங்களில் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்காமலேயே பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் நடத்தினார்கள். கோழிப்பண்ணை என்று கேலி பேசியவர்கள் உண்டு. முட்டை ஊர்க்காரர்களான நமக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். 2025-26 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் முந்தி முடிக்கிற கதை இல்லை, முந்தி ஓட ஆரம்பிக்கிற கதை. ஆனால் இரண்டிலும் பிள்ளையின் ஒரு வருடத்தைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டில் இதை யோசித்துச் செய்தவர்களும் உண்டு. டெரன்ஸ் டாவோ என்ற கணித மேதை 1975-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே பல்கலைக்கழகப் பாடம் படிக்கத் தொடங்கியவர். ஆனால் பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. சில பாடம் பள்ளியில், சில பாடம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் என்று படிப்படியாக விட்டார்கள். பட்டம் வாங்கியது 16 வயதில். வெளிநாட்டுக்கு, பிரின்ஸ்டனுக்குப் போனது அதற்குப் பிறகுதான். 2006-இல் கணிதத்துக்கான பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். அவரால் இன்னும் வேகமாகப் போயிருக்க முடியும். அவசரப்பட வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இதுதான். முதலில் வாசல்களை எண்ணு. மருத்துவ வாசலுக்கு வயதுப் பூட்டு இருக்கிறது, அது அடுத்த வருடம் தானாகத் திறக்கும். ஜே.இ.இ. மெயினுக்கு வயது வரம்பு கிடையாது. கலை, அறிவியல் கல்லூரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒவ்வொரு வாசலின் வயது விதியையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் நீயே படி, யாரோ சொன்னதை நம்பாதே. ஒரு வாசலை மட்டும் நம்பி உட்காராதே. இரண்டாவது, எங்கே சேர்த்தாலும் முதல் வருடம் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற தூரத்தில் சேர். இல்லாவிட்டால், போய்ப் பார்க்க உறவு ஒருவர் இருக்கிற ஊராகப் பார். மூன்றாவது, சேர்த்த பிறகு மருத்துவத்துக்காகப் பாதியில் விட்டால் கட்டணம், மாற்றுச் சான்றிதழ், இன்னொரு பிள்ளைக்குப் போயிருக்க வேண்டிய இடம் என்று என்னென்ன போகும் என்பதை இப்போதே எழுதி வை. நான்காவதாக, "போனைப் பொண்ணுகிட்ட குடு" என்றேன்.

"கண்ணு, உனக்கு என்ன படிக்கணும்னு ஆசை?"

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "டாக்டருக்குப் படிக்கணுமான்னு எனக்கே இன்னும் தெரியல தாத்தா. எனக்கு அந்த ஒரு வருஷத்துல முதல்ல நல்லாத் தூங்கணும்."

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. 15 வயதுப் பிள்ளை ஏன் அப்படிக் கேட்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். அவள் அப்பாவிடம், "தூங்கட்டும், ஒரு மாசம் தூங்கட்டும். அப்புறம் அவளே சொல்லட்டும்" என்றேன். ஏப்ரல், மே இரண்டு மாதம் ராசிபுரத்தில் என்னோடு இருக்க வருகிறாள். விண்ணப்பங்களை இரண்டு பேரும் சேர்ந்து, போதமலை தெரிகிற மொட்டை மாடியில் உட்கார்ந்து போடப் போகிறோம். இப்போது எல்லாம் கணினியில்தான். தட்டுவது அவள், படித்துப் பார்ப்பது நான்.

1998-இல் அந்த அப்பா கேட்ட கேள்விக்கு இப்போதுதான் எனக்குப் பதில் தெரிகிறது. அந்த ஒரு வருஷம் எங்கேயும் போகவில்லை. அது அந்தப் பையனுடையது. அவனைக் கேட்காமல் நான் எடுத்துச் செலவு செய்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் முந்தி முடிக்கிற பிள்ளை இருந்தால், விண்ணப்பம் போடும் முன் அந்த வருடத்தை அதன் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். சந்தேகம் இருந்தால் போன் செய்யுங்கள், வீட்டுக்கு வாங்க. திண்ணை அப்படியேதான் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் நல்லா இருக்கணும்.

உங்கள் சரித்திர வாத்தியார்,
ராசிபுரம்